கப்பலுக்கு மேல ஃப்ளைட்டு பறந்துச்சுன்னு நியூஸ் வந்தா அத எப்படிங்க படிக்கறது? புதுசா வர்றவங்களுக்கு

போன வாரம் பேக்கரில டீ குடிச்சிட்டு நிக்கறப்போ எங்க சித்தப்பா போனை மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. சாம்பல் கலர்ல ஒரு போர்க்கப்பல், அதோட கம்பத்த ஒரசற மாதிரி ஒரு ஜெட்டு விர்ருனு போகுது, பின்னாடி சாமி வந்தாப்ல ஒரு மியூசிக்கு, கீழ "நடுக்கடலில் பதற்றம், சீறிப்பாய்ந்த போர் விமானம்"னு செவப்புல எழுத்து. "ஏன்டா, சண்ட வந்துருமாட்ட இருக்குதே, நூல் வெல என்னாகும்"னு கேட்டாரு. தறி ஓட்டறவருக்கு அதான் கவல, சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கவலைல நாயமும் இருக்குது. 2023 கடைசில செங்கடல்ல ஏமன் நாட்டு ஹவுத்தி கிளர்ச்சிக்காரங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சப்போ திருப்பூர்ல இருந்து ஐரோப்பாவுக்குப் போற பனியன் சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போயி, வாடகையும் ஏறி நாளும் ஏறுச்சு. கடலு நம்மூருக்குத் தூரம், கடல் செய்தி தூரமில்லீங்க.

நானும் மொதல்ல சித்தப்பாவாட்டதான் இருந்தேன். வீடு சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம், தலைக்கு மேல தேஜஸ் போர் விமானம் போறதும் வர்றதும் தெனமும் காதுல விழும், 2018-ல அதுல ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரு படைப்பிரிவு, வந்துச்சு, 2020 மே மாசம் ரெண்டாவது. 2024 ஆகஸ்ட்டுல தரங் சக்திங்கற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானமெல்லாம் வந்து எறங்குனப்போ எங்க தெருவுல பாதி பசங்க மொட்டமாடிலதான். அப்படியே ஆச பிடிச்சு கடல் பக்கம் நடக்கற கண்காணிப்புப் பறத்தல் செய்தியெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். பல தடவ ஏமாந்தேன். நீங்க அத்தன தடவ ஏமாற வேண்டாம்னுதான் இத எழுதறேன்.

மொத வேல: பேப்பர் பேனா எடுங்க

வீடியோவத் திரும்பத் திரும்பப் பாக்காதீங்க, அதுல ஒண்ணும் கெடைக்காது. ஒரு பேப்பர்ல ஆறு விஷயம் எழுதுங்க. எந்த நாட்டு விமானம் அதுவும் என்ன ரகம், எந்தக் கப்பல், எந்த இடம், எவ்வளவு தூரம் எவ்வளவு உயரம், என்னிக்கு நடந்துச்சு, இத யாரு சொன்னாங்க. செய்தியப் படிச்சு ஒவ்வொண்ணையும் நெரப்புங்க. நம்மூரு சேனல் செய்தில பாதிக்கு மேல காலியா நிக்கும், அதுவும் "எவ்வளவு தூரம்"ங்கற எடம் எப்பவுமே காலி. மூணுக்கு மேல காலியா இருந்தா அன்னிக்கு அந்தச் செய்தி யாருக்கும் ஃபார்வர்டு பண்ற அளவுக்கு வேகலன்னு அர்த்தம், ஒரு நாள் பொறுங்க.

இடம்: இது யாரு தோட்டம்?

இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, இதப் புரிஞ்சுட்டா மிச்சம் லேசு. ஒரு நாட்டோட கரைல இருந்து 12 கடல் மைல் வரைக்கும் அந்த நாட்டுக் கடல், அதுக்கு மேல இருக்கற வானமும் அவங்களுது. ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர், அப்போ 12 கடல் மைல் சுமாரா 22 கிலோமீட்டர், கோயமுத்தூர்ல இருந்து சூலூர் தாண்டற தூரம்னு வெச்சுக்கங்க. இது வேலி போட்ட தோட்டம். ஆனா கப்பலுக்கு ஒரு சலுக உண்டு, வம்பு தும்பு பண்ணாம நேரா கடந்து போறதா இருந்தா அடுத்த நாட்டோட 12 கடல் மைலுக்குள்ள கூட போகலாம். விமானத்துக்கு அந்தச் சலுக கெடையாது, கேக்காம உள்ள வந்தா அது அத்துமீறல்தான்.

அதுக்கு அக்கட்ட 200 கடல் மைல் வரைக்கும், அதாவது 370 கிலோமீட்டர், தனிப் பொருளாதார மண்டலம். இங்கதான் நெறைய பேரு கொழம்பறாங்க. நம்ம பக்கம் தென்னந்தோப்பு வழியா ஊர்க்காரங்க நடந்து போவாங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, தேங்கா பொறுக்குனாத்தான் சண்ட. அதே மாதிரி அங்க மீனும் எண்ணெயும் கரை நாட்டுக்குச் சொந்தம், மேல பறக்கறதுக்கும் கடந்து போறதுக்கும் எல்லாருக்கும் உரிமை உண்டு. அதையும் தாண்டுனா பெருங்கடல், அது இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி, நடுவால யாரு வண்டி வேணா போகும்.

அப்புறம் ஒரு சிக்கல் இருக்கு, இத மறைக்கக் கூடாது. தோப்பு வழியா நடக்கலாம், ஆனா தோப்புக்குள்ள நின்னு சிலம்பம் சுத்தலாமா? அமெரிக்கா சுத்தலாம்ங்குது. இந்தியாவும் சீனாவும் ராணுவ வேலைன்னா எங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு சொல்லுது. 2021 ஏப்ரல் 7-ஆம் தேதி ஜான் பால் ஜோன்ஸ்ங்கற அமெரிக்கக் கப்பல் லட்சத்தீவுக்கு மேற்க சுமார் 130 கடல் மைல்ல வந்துச்சு, வந்ததோட இல்லாம நாங்க கேக்காமத்தான் வந்தோம்னு அவங்களே அறிக்கையும் விட்டாங்க, நம்ம வெளியுறவுத்துறை ஆட்சேபம் சொல்லுச்சு. அன்னிக்கு சில பேரு "இந்திய எல்லைக்குள் புகுந்த அமெரிக்கக் கப்பல்"னு போட்டாங்க. 130 கடல் மைல்னா 240 கிலோமீட்டர், கோயமுத்தூர்ல இருந்து மதுரைக்கே அவ்வளவு தூரம் இல்ல. எல்ல எங்க, அது எங்க?

அதனால இடத்தோட பேரு தெரிஞ்ச ஒடனே மேப்பத் தெறங்க. கூகுள் மேப்ஸ்ல கடல் மேல விரல அழுத்திப் பிடிச்சா தூரம் அளக்கற வசதி வரும், கிட்டக்க இருக்கற கரை வரைக்கும் இழுத்து அளந்து, வர்ற கிலோமீட்டர 1.852-ஆல வகுங்க. 12-க்குள்ளயா, 200-க்குள்ளயா, வெளியவா? பேப்பர்ல எழுதிக்கங்க.

தைவான் செய்தி படிக்கறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். வான் பாதுகாப்பு அடையாள மண்டலம்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாடு தானா ஒரு கோடு போட்டு, "இதுக்குள்ள வர்ற விமானமெல்லாம் யாரு, எங்க போறீங்கன்னு சொல்லிருங்க"ன்னு கேக்கற எடம். இட்டேரில போற ஆளப் பாத்து நம்ம தோட்டத்து அப்பாரு "யாருங்க அது, எந்தூருக்கு?"ன்னு கொரல் குடுப்பாரில்ல, அதேதான். கேக்கறதுனால இட்டேரி அவருதாயிருமா? தைவானோட மண்டலத்த மேப்ல போட்டுப் பாத்தா சீனாவோட நெலத்துக்கு மேலயே கொஞ்சம் போகுது. அப்போ "தைவான் மண்டலத்துக்குள்ள இத்தன சீன விமானம்"ங்கறத "தைவான் வானத்துக்குள் நுழைந்த சீன விமானங்கள்"னு போட்டா அது முழுத் தப்பு. தமிழ்ல இந்தத் தப்பு நான் எண்ண முடியாத அளவுக்குப் பாத்தாச்சு.

என்ன விமானம்னு பாருங்க

போர் விமானம்னு தலைப்புல இருக்கும், உள்ள போனா ரோந்து விமானமா இருக்கும். வித்தியாசம் பெருசு. நம்ம கடற்படைகிட்ட அரக்கோணம் ராஜாளி தளத்துலயும் கோவாலயும் பி-8ஐனு மொத்தம் 12 விமானம் இருக்குது, 2013-ல இருந்து வர ஆரம்பிச்சது. அதுக்கு முந்தி ரஷ்யாக்காரனோட டியு-142, பெரிய காத்தாடி வெச்ச பூதம், 2017-ல அதுக்கு ஓய்வு குடுத்தாச்சு. பி-8ஐ பாக்கறதுக்கு நம்ம பீளமேடு ஏர்போர்ட்ல எறங்கற போயிங் 737 மாதிரியேதான் இருக்கும், ஏன்னா அது 737-தான், உள்ள சீட்டுக்குப் பதிலா ரேடாரும் கம்ப்யூட்டரும். நீர்மூழ்கியத் தேடணும்னா மேல இருந்து மைக்கு வெச்ச மெதவையக் கடல்ல போட்டுட்டு ஒட்டுக் கேக்கும். 2024 ஜனவரில சோமாலியா பக்கம் லீலா நார்ஃபோக்ங்கற சரக்குக் கப்பலக் கடத்த வந்தப்போ, அதுல 15 இந்தியர் உட்பட 21 பேரு இருந்தாங்க, மேல போயி வட்டம் போட்டு கப்பல்ல இருக்கறவங்களோட பேசுனது இந்த விமானம்தான், பின்னால நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் சென்னை போயி எல்லாத்தையும் மீட்டுச்சு.

இதுல நம்ம பத்திரிகையோட ஒரு பழக்கத்தச் சொல்லியே ஆகணும். இதே வேலைய நம்ம விமானம் செஞ்சா "ரோந்து", அடுத்தவன் செஞ்சா "உளவு". 2022 ஆகஸ்ட்ல யுவான் வாங் 5ங்கற சீனக் கப்பல் இலங்கைல அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தப்போ சீனா "ஆய்வுக் கப்பல்"னுச்சு, நம்ம டிவி எல்லாம் "உளவுக் கப்பல்"னுச்சு. ராக்கெட்டு, செயற்கைக்கோள் போற பாதையப் பின்தொடர்ற கப்பல் அது, அந்த ஆன்டெனா ரெண்டு வேலைக்கும் ஆகும். அது வர்றதுக்கு மொத நாளு, ஆகஸ்ட் 15, இந்தியா ஒரு டோர்னியர் கடல் கண்காணிப்பு விமானத்த இலங்கைக்குக் குடுத்துச்சு. அதுக்கு "உளவு"ன்னு யாரும் பேரு வெக்கல. எந்தப் பேரு போட்டிருந்தாலும் நீங்க பேப்பர்ல ரகத்த மட்டும் எழுதுங்க.

தூரமும் உயரமும்

இதுக்கு நான் எல்லாத்துக்கும் சொல்ற கத ஜப்பான் தென்கொரியா கததான். 2018 டிசம்பர் 20, ஜப்பானோட பி-1 ரோந்து விமானம் கொரியாவோட குவாங்கேட்டோ போர்க்கப்பல் பக்கத்துல போச்சு. ஜப்பான் சொல்லுச்சு, எங்க விமானத்து மேல குறி வெக்கற ரேடார அடிச்சுட்டாங்கன்னு. அது சாதா ரேடார் இல்லீங்க, ஏவுகண விடறதுக்கு முந்தி குறி பூட்டற ரேடார், துப்பாக்கிய நெஞ்சுக்கு நேரா நீட்டறதுக்குச் சமம். கொரியா சொல்லுச்சு, அப்படி அடிக்கவே இல்ல, நீங்கதான் மெரட்டறாப்ல தாழப் பறந்தீங்க, நாங்க ஒரு படகக் காப்பாத்திட்டு இருந்தோம்னு. ரெண்டு பேரும் வீடியோ விட்டாங்க. இதுல வேடிக்க என்னன்னா தூரத்துல சண்டையே இல்ல, கிட்டத்துல வந்தது 500 மீட்டர், உயரம் 150 மீட்டர். ஒரே நம்பரு. ஒருத்தருக்கு அது "பாதுகாப்பான தூரம்", இன்னொருத்தருக்கு "மெரட்டல்". ரெண்டு பேரும் அமெரிக்காவோட கூட்டாளி வேற, பகையாளி கூட இல்ல. கடைசில யாரு சொன்னது சரின்னு தீக்காமயே, 2024 ஜூன்ல இனிமே இப்படி நடக்காமப் பாத்துக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் போட்டு மூடிட்டாங்க.

அதனால நம்பர் வந்தா நம்பர எழுதுங்க, அதுக்கு முன்னாடி இருக்கற "அபாயகரமாக", "மிக நெருக்கமாக" எல்லாம் விட்டுருங்க. அலகு பாருங்க, அடியா மீட்டரா, மைலா கடல் மைலா. மொழிபெயர்க்கறப்போ கடல் மைல வெறும் மைலாக்கி அப்புறம் 1.6-ஆல பெருக்கிப் போட்டிருப்பாங்க, 12 மைலு 19 கிலோமீட்டர் ஆயிரும். இன்னொண்ணு, போட்டோவ வெச்சு தூரத்தச் சொல்லாதீங்க. வடவள்ளி ரோட்டுல நின்னு பெரிய லென்சுல ஜூம் பண்ணி எடுத்தா பஸ்சுக்குப் பின்னாடியே மருதமல ஒட்டிட்டு நிக்கும், கடல்லயும் அதே லென்சுதான்.

உண்மையாவே ஒரசற மாதிரி போனதும் உண்டு, இல்லேங்கல. 2016 ஏப்ரல்ல பால்டிக் கடல்ல டொனால்ட் குக்ங்கற அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு ஏறக்கொறைய 30 அடி கிட்டத்துல ரஷ்யாவோட சு-24 போர் விமானம் போச்சுன்னு அமெரிக்கா வீடியோவோட சொல்லுச்சு. ரஷ்யா, விதிப்படிதான் பறந்தோம்னுச்சு. 2000-ல கிட்டி ஹாக்ங்கற அமெரிக்க விமானந்தாங்கி மேல பறந்துட்டு, எடுத்த போட்டோவ கப்பலுக்கே ஈமெயில்ல அனுப்பி வெச்சாங்க ரஷ்யாக்காரங்க, கல்யாண ஆல்பமாட்ட.

வினைச்சொல்லப் பிடிங்க

இடைமறித்ததுன்னா நெறைய பேரு சுடப் போயி தடுத்துட்டாங்கன்னு நெனைக்கறாங்க. பெரும்பாலும் ரெண்டு விமானம் எந்திரிச்சுப் போயி, பக்கத்துல பறந்து, யாருன்னு பாத்து, போட்டோ எடுத்து, கொஞ்ச தூரம் கூடப் போயி, திரும்பி வந்திருக்கும். அதத் தமிழ்ல "விரட்டியடித்தது"ன்னு போட்டா வேற கத ஆயிருது. பின்தொடர்ந்தது, இடைமறித்தது, எச்சரித்தது, குறி வெச்சது, சுட்டது, இந்த அஞ்சும் அஞ்சு படி. செய்தில எந்தப் படின்னு பாருங்க, முடிஞ்சா இங்கிலீஷ் அறிக்கையோட ஒப்பிட்டுப் பாருங்க.

இப்படிக் கிட்டக்க பறக்கறது புதுசும் கெடையாது. 1968 மே 25-ல நார்வே கடல்ல எசெக்ஸ்ங்கற அமெரிக்கக் கப்பல ஒட்டிப் பறந்த சோவியத் டியு-16 ஒண்ணு கடல்லயே விழுந்துருச்சு, உள்ள இருந்தவங்க செத்துட்டாங்க. சரியா நாலு வருஷம் கழிச்சு, 1972-ல அதே மே 25, ரெண்டு நாடும் மாஸ்கோல கடல் சம்பவ ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்தவன் கப்பல் மேல தாக்கற மாதிரி நடிக்கக் கூடாது, மேல வித்த காட்டக் கூடாது, கிட்டப் போனா ஜாக்கிரதையா இருக்கணும்னு. பறக்கவே கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல, கவனிங்க.

யாரு சொன்னது

2021 ஜூன் 23, பிரிட்டனோட டிஃபெண்டர் கப்பல் உக்ரைன்ல இருந்து ஜார்ஜியா போறப்போ கிரிமியா ஓரமா 12 கடல் மைலுக்குள்ள போச்சு. ரஷ்யா சொல்லுச்சு, எச்சரிக்கையாச் சுட்டோம், சு-24 விமானம் கப்பல் போற பாதைல குண்டு போட்டுச்சு. பிரிட்டன் பாதுகாப்புத்துறை சொல்லுச்சு, எங்கள நோக்கி யாரும் சுடல, அவங்க ஏதோ பயிற்சி பண்ணிட்டு இருந்தாங்க, குண்டு கதையெல்லாம் நாங்க ஏத்துக்கறதில்ல. ஆனா அந்தக் கப்பல்ல பிபிசி நிருபர் ஒருத்தரு இருந்தாரு, தலைக்கு மேல 20-க்கும் எச்சா விமானம் சுத்துனதயும் சுடற சத்தம் கேட்டதயும் அவரு சொன்னாரு, ஆனா குண்டு எட்டாத தூரத்துலன்னு. நீங்க மூணு கட்டம் போட்டு மூணையும் எழுதுங்க. எங்க மூணும் ஒத்துப் போகுதோ அத மட்டும் நம்புங்க: கப்பல் போச்சு, நெறைய விமானம் வந்துச்சு, எங்கியோ சுடற சத்தம் கேட்டுச்சு. கிரிமியா யாருதுங்கறதுலதான் மொத்தச் சண்டையும், ரஷ்யா தன்னோட கடல்ங்குது, பிரிட்டன் உக்ரைன் கடல்ங்குது. அத எந்த வீடியோவும் தீத்து வெக்காது.

2019 ஜூன் 20-ல ஈரான் அமெரிக்காவோட பெரிய டிரோன ஹோர்முஸ் நீரிணை பக்கம் சுட்டு வீழ்த்துனப்பவும் இதே கததான், ரெண்டு பேரும் மேப்பு விட்டாங்க, ரெண்டு மேப்புலயும் புள்ளி வேற வேற எடத்துல.

தேதி பாக்கறதயும் இதோட சேத்துக்கங்க. 2014 ஏப்ரல்ல கருங்கடல்ல அதே டொனால்ட் குக் பக்கத்துல ஒரு சு-24 பன்னெண்டு தடவ போச்சு, அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் வால் மொளச்சுது, விமானம் மின்னணு கருவிய ஆன் பண்ணுன ஒடனே கப்பல் மொத்தமா செத்துப் போச்சாம், பயந்து 27 மாலுமி வேலைய விட்டுட்டாங்களாம். அந்தக் கருவியச் செய்யற ரஷ்யக் கம்பெனியே சு-24ல அது மாட்டறதே இல்லேன்னு சொல்லிட்டாங்க, ஆனா 2017-ல ரஷ்ய அரசு டிவியே அத மறுபடி ஓட்டுச்சு. நம்ம தமிழ் யூடியூப்ல இன்னும் ஓடிட்டிருக்கு, நேத்து நடந்தாப்ல.

போன்ல ஆப் போட்டுப் பாக்கறவங்களுக்கு

எந்த விமானம் எங்க பறக்குதுன்னு காட்டற ஃப்ளைட்ரேடார் ஆப்ப எறக்கிட்டு அதுல தெரியலன்னா "மறைச்சுட்டாங்க"ன்னு கெளம்பிராதீங்க. ராணுவ விமானம் தன் இருப்பிடத்தச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சூலூர்ல என் மண்ட மேல தேஜஸ் போறப்போ ஆப்புல வானம் காலியா இருக்கும். அவங்களே ஆன் பண்ணி வெச்சுட்டுப் பறந்தா, பாக்கட்டும்னு பறக்கறாங்கன்னு கூட வெச்சுக்கலாம். தெரியறதயும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது. டிஃபெண்டர் சம்பவத்துக்குச் சில நாள் முந்தி, கப்பல் இருப்பிடம் காட்டற இணையதளத்துல டிஃபெண்டரும் ஒரு டச்சுக் கப்பலும் கிரிமியால இருக்கற செவஸ்தபோல் ரஷ்யக் கடற்படைத் தளத்துக் கிட்டப் போற மாதிரி கோடு வந்துச்சு, ஆனா ரெண்டு கப்பலும் ஒடெசா துறைமுகத்துல கட்டி நின்னத அங்க இருந்த வெப்கேமரா நேரலைல காட்டிட்டு இருந்துச்சு. எவனோ பொய் சிக்னல் உட்டுருக்கான்.

வீடியோன்னா ரெண்டு மூணு எடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க, பழைய வீடியோன்னா மொத தடவ எப்ப வந்துச்சுன்னு அனேகமா சிக்கிரும். கேமரா ஆடாம வழுக்கிட்டே விமானத்தச் சுத்துனா, பொகை ஒரே மாதிரி உருண்டையா வந்தா, ஆளே தெரியலன்னா, வீடியோ கேமா இருக்கும். ஆர்மா 3ங்கற கேம் கிளிப்ப எல்லா சண்டையிலயும் ஓட்டறாங்க, அந்தக் கம்பெனியே 2022-ல எங்க கேம் வீடியோவ போர்க் காட்சின்னு பரப்பறாங்கன்னு அறிக்க விட்டுச்சு. நானும் ஒருக்கா அத நெசம்னு குடும்ப குரூப்புல போட்டு, எட்டாவது படிக்கற அக்கா பையன் "மாமா, இது நான் ஆடற கேமு"ன்னு பதில் போட்டான். ரெண்டு நாள் குரூப் பக்கமே போகல.

பெரிய சேனல்ல வந்தா நெசம்னும் இல்ல. 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டையப்போ கராச்சி துறைமுகத்த நம்ம கடற்படை அடிச்சு நொறுக்கிருச்சுன்னு ராத்திரி பூரா டிவில ஓடுச்சு, விடிஞ்சு பாத்தா துறைமுகம் பத்திரமா இருந்துச்சு. எங்க தெருவுல ஒருத்தரு பட்டாசே வெடிச்சுட்டாரு.

கடைசியா சூலூர், அரக்கோணம் பக்கம் இருக்கறவங்களுக்கு. வேலிக்கு வெளிய நின்னு ரன்வேய வீடியோ எடுத்துப் போடாதீங்க, தடை செஞ்ச எடம்னு போர்டு இருக்கும், கேஸ் ஆயிரும். சண்ட நேரத்துல விமானம் எத்தன கெளம்புச்சு எந்தப் பக்கம் போச்சுன்னு எழுதறதும் வேண்டாம், 2025 ஏப்ரல் 26-ல மத்திய அரசு சேனல்களுக்கே ராணுவ நடமாட்டத்த நேரலைல காட்டாதீங்கன்னு அறிவுறுத்தல் விட்டுச்சு, அதுல சமூக ஊடகத்துல இருக்கறவங்களையும் சேத்துத்தான் சொல்லியிருந்தாங்க.

சித்தப்பா கிளிப்புக்கு வருவோம். பேக்கரி பெஞ்சுலயே உக்காந்து டிஷ்யூ பேப்பர்ல ஆறு கட்டம் போட்டோம். ரகம் மட்டும் தெரிஞ்சுது, சு-24. லென்ஸ்ல போட்டா 2016 பால்டிக். "அப்போ நூல் வெல?"ன்னாரு. அது பஞ்சு வெலையக் கேளுங்க சித்தப்பான்னேன், ரெண்டாவது டீய அவரு கணக்குல எழுதச் சொல்லிட்டு வந்துட்டேன்.